ஐம்பதில் ஒன்று

புர்க்டோர்ஃப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபம்.
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் எட்டு மேசைகள்.
எம்மே ஆற்றுக்கு இன்னொரு நடைபாலம் வேண்டுமா,
அதற்குக் கடன் எடுக்கலாமா என்று
ஊர் தபாலில் அனுப்பிய பதில்களை
ஐம்பது ஐம்பதாய்க் கட்டுகிறோம்.

நான் குடியுரிமை எடுத்துப் பதினான்கு மாதம்.
வாக்கு எண்ண வரும்படி கடிதம் வந்தபோது
கண்ணுக்கு முன்னால் வயிறுதான் அதை வாசித்தது.
அரசாங்க உறை என்றால் அதற்கு இன்னும் ஒரு இறுக்கம்.

பக்கத்தில் ஏஷ்லிமான், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்.
நான் எண்ணியதை அவர் எண்ணுவார்,
அவர் எண்ணியதை நான்.
"என்னில் நம்பிக்கை இல்லையா?" என்று பகிடியாய்க் கேட்டேன்.
"என்னிலேயே இல்லை," என்றார்,
விரல் நுனியை ஈரப் பஞ்சில் ஒற்றியபடி.

பதினேழாம் கட்டில் நாற்பத்தொன்பது.

ஐம்பது என்று மேலே எழுதியிருந்தது என் கையெழுத்து.
மறுபடி எண்ணினோம். நாற்பத்தொன்பது.
குப்பைக் கூடையைக் கவிழ்த்தோம்.
கிழித்த உறைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தோம்.
ஏஷ்லிமான் சப்பாத்தைக் கழற்றி அடிப்பாகத்தையும் பார்த்தார்.

முந்நூறு வாக்கு வித்தியாசம். ஒன்றால் ஒன்றும் மாறாது.
"ஐம்பது என்றே இருக்கட்டுமே."
சொன்னது நான்தான்.

ரெகுலா, நகரசபைச் செயலாளர், முப்பது வயதிருக்காது,
என்னைக் கோபமாய்ப் பார்க்கவும் இல்லை.
பேனாவை எடுத்து எழுதினாள்:
ஒன்றைக் காணவில்லை.
காரணம் தெரியவில்லை.
எங்கள் பொறுப்பில் இருந்தது.

மூன்று பேர் ஒப்பமிட வேண்டும்.
எனக்குக் கை ஓடவில்லை.

இந்த மூன்று வசனங்களைத்தான் அக்கா
பகீரதனுக்காக மூன்று ஆணைக்குழுக்களிடம் கேட்டாள்.
மூன்று பேரும் அவன் பெயரை மூன்று விதமாய் எழுதினார்கள்.
பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்தார்கள்.
கடைசியில் ஒரு கடிதம்:
அப்படியொருவர் எங்களிடம் இருந்ததே இல்லை.
பஸ்ஸின் படியில் நின்று கையசைத்து ஏறியவன்.
அக்கா கொடுத்த சாப்பாட்டுப் பொதி கையில் இருந்தது.

அதற்காக இந்த ஊரை நான் கும்பிட்டுவிடவில்லை.
'உங்கள் நாட்டில் நிலைமை சீராகிவிட்டது,
திரும்பிப் போகலாம்' என்று எனக்கு எழுதியதும்
இதே அரசாங்கம்தான், இதே சிலுவை முத்திரை.
அந்தப் பொய்யில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.
அதை இன்னும் வைத்திருக்கிறேன்,
கடவுச்சீட்டு இருக்கிற அதே கோப்பில்.

ஒப்பமிட்டேன்.

இரவு, வீட்டில் சால்வையை உதறினேன்.
மடிப்பிலிருந்து விழுந்தது.
உள்ளங்கை அளவுத் தாள். நீலப் பேனா.
'ஆம்.'

வாமதேவன் சோற்றுக் கோப்பையோடு எழுந்தார்.
"எரிச்சுப் போடு.
நாளைக்குப் பேப்பரில் மற்றவையின்ர பெயர் வராது,
உன்ர பெயர் மட்டும் முழுசாய் வரும்."
அவர் சொன்னதில் பிழையில்லை.
அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது.
விடியும்வரை அந்த ஆமைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எழுதியவருக்கு அந்தப் பாலத்தில் யாரையோ
பார்க்கப் போக வேண்டியிருக்கும்.
அல்லது நாயை நடத்த.

திங்கள், ஏழு ஐம்பது.
எட்டு மணிக்குத்தான் கதவு திறக்கும்.
ரெகுலா கோட்டைக் கழற்றி மாட்டுவது கண்ணாடியில் தெரிகிறது.
அவளுடைய தாளில் இன்னும்
'காரணம் தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது.
காரணம் வாசலில் நிற்கிறது,
கையுறைக்குள் இன்னொருவருடைய ஆமோடு,
முதல் வசனத்தை எங்கே தொடங்குவது என்று
ஜெர்மனில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை
சொல்லிப் பார்த்தபடி.